“அது நான் இல்ல”: ஒரு மன்னிப்புக் காணொளி மீம் ஆன நிகழ்வு

இதை ஏன் பதிவு செய்கிறேன்

மேடைக் கலைஞர்களின் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறேன். ஒரு பாடகர் தன் சவுண்ட் இன்ஜினியரை மேடையில் கேலி செய்ததற்காக எங்கள் கையால் வெளியான ஒரு மன்னிப்புக் காணொளி இரண்டே நாளில் மீம் ஆனது. அதில் வந்த ஒரு பெருமூச்சையும் ஒரு வரியையும் இன்று லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரியும். மன்னிப்பு யாரிடம், எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை அவர்களில் மிகச் சிலரே அறிவார்கள். அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடகரும் சவுண்ட் இன்ஜினியரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். பெயர், ஊர், பாட்டு, நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை. இருவரையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

பெரிய மேடை நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ஒலியைக் கலந்து தரும் இரண்டு மிக்ஸர்கள் இயங்கும். ஒன்று பார்வையாளர்கள் கேட்கும் ஒலிக்கு, மற்றது மேடையில் இருப்பவர்களுக்கு. இரண்டாவதில் உட்காருபவர் மானிட்டர் இன்ஜினியர். பாடகரின் காதுக்குள் இருக்கும் சிறு கருவியில் தன் குரல் எவ்வளவு, தாளம் எவ்வளவு, கீபோர்டு எவ்வளவு என்று முடிவு செய்பவர் அவர்தான். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்த நிகழ்வில் வருபவர் 8 ஆண்டுகளாக அந்தப் பாடகருக்காக அந்த இருக்கையில் இருந்தவர். வயதில் மூத்தவர். பாடகர் அவரை “அண்ணா” என்றும் “நீங்க” என்றும்தான் அழைப்பார். இடது காதில் கேட்புக் கருவி அணிபவர். வேலையின்போது அதைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார், காதில் கேட்பதைத் திரையில் ஓடும் அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். குழுவில் எல்லாருக்கும் இது தெரியும், அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை.

சம்பவம்

நான்காவது பாட்டின் நடுவில் பாடகரின் காதில் கடுமையான இரைச்சல். கருவியைப் பிடுங்கி எறிந்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கிலேயே மேடையோரம் திரும்பிச் சொன்னார்: “உனக்குக் காது கேக்காதுன்னா எனக்கும் கேக்கக் கூடாதா?”

கூட்டத்தில் ஒரு பகுதி சிரித்தது. மிக்ஸர் முன்னால் இருந்தவர் இடது கையை ஹெட்ஃபோன் மேல் வைத்து, குனிந்து, அலைவரிசையை மாற்றிக்கொண்டிருந்தார். சில நொடிகளில் இரைச்சல் நின்றது, பாட்டு தொடர்ந்தது.

கீழிருந்து யாரோ எடுத்த 19 நொடிக் காட்சி அன்றிரவே பரவியது. கேலியை விட எனக்கு முதலில் உறைத்தது அந்த ‘உனக்கு’. 8 ஆண்டு ‘நீங்க’ ஒரு நொடியில் ‘நீ’ ஆனது. பரவிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மேடையில் நின்றிருந்த அத்தனை கலைஞர்களுக்கும் தெரியும்.

முதல் 30 மணி நேரம்

முதல் நாள் எதுவும் சொல்ல வேண்டாம், தானாக அடங்கிவிடும் என்று மேலாளர் நினைத்தார். கேட்புக் குறைபாடு உள்ள சிலர் தங்கள் அனுபவங்களோடு அந்தக் காட்சியைப் பகிரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இரண்டாம் நாள் மதியம் மேலாளர், வழக்கறிஞர், பாடகர், எங்கள் குழுவில் இருவர் என ஐந்து பேர் உட்கார்ந்தோம்.

முதல் கேள்வியே தவறு. “எழுத்தா, காணொளியா?” என்றுதான் தொடங்கினோம்.

எழுத்தறிக்கை மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ட்விட்டரில் 140 எழுத்துக்குள் எதையும் விளக்க முடியாத காலத்தில், பிரபலங்கள் கைபேசியின் குறிப்புச் செயலியில் எழுதி அதைப் படமாக எடுத்துப் போடும் பழக்கம் வந்தது. 2017 நவம்பரில் வரம்பு 280 ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. அதற்குள் அந்த வெள்ளைப் பின்னணியே ஒரு கேலிச் சின்னமாகிவிட்டது. 2016 ஜூலையில் டெய்லர் ஸ்விஃப்ட் அப்படி வெளியிட்ட அறிக்கை மன்னிப்பு அல்ல, தன்னிலை விளக்கம். ஆனால் படத்தின் மேல் மூலையில் தெரிந்த ‘தேடல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, இதை முன்பே எழுதிவைத்துத் தேடி எடுத்திருக்கிறார் என்று இணையம் பேசியது. பார்ப்பவர்கள் சொல்லை மட்டும் படிப்பதில்லை, ஓரத்தையும் படிக்கிறார்கள். இந்த உதாரணத்தைக் கூட்டத்தில் சொன்னதே நான்தான். காணொளியிலும் ஓரங்கள் உண்டு என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

காணொளி என்று முடிவானது. வரிகளை வழக்கறிஞர் திருத்தினார். ‘மன்னிப்புக் கேட்கிறேன்’ என்பது ‘வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்’ ஆனது. இன்ஜினியர் ‘சம்பந்தப்பட்ட நபர்’ ஆனார். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற வரி எப்படி வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அது எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, நம் எல்லார் வாயிலும் தயாராக இருக்கும் வரி அது. அந்த ‘இருந்தால்’ செய்யும் வேலையைப் பாருங்கள். புண்பட்டவர் ஒருவர் இருக்கிறாரா என்பதையே சந்தேகத்தில் விட்டுவிடுகிறது. எங்களுக்கோ அவர் யார், எங்கே இருக்கிறார், அவர் எண் என்ன என்பதெல்லாம் தெரியும்.

அந்த 30 மணி நேரத்தில் எங்களில் ஒருவர்கூட அவரைக் கூப்பிடவில்லை. நேரில் பேசினால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றார் வழக்கறிஞர். சூடு தணியட்டும் என்றார் மேலாளர். பாடகருக்குக் கூச்சம். நான் கேட்கவே இல்லை.

காணொளி எடுத்த இரவு

பாடகரின் வீட்டில், சுவரோரம், தரையில் உட்காரவைத்து எடுத்தோம். சாம்பல் நிறச் சட்டை. ஒப்பனை இல்லை. வட்ட விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் வைத்தோம். இவை ஒவ்வொன்றும் நாங்கள் யோசித்துச் செய்தவை. எளிமையாகத் தெரிய வேண்டும் என்று முயற்சி செய்தோம்.

7 முறை எடுத்தோம். முதல் முறை அவர் வரிகளை விட்டுவிட்டுத் தானாகப் பேசினார். திக்கினார், ஓரிடத்தில் “அண்ணாகிட்ட எப்படி முகம் காட்டுவேன்னு தெரியல” என்றார். வரிகள் விடுபட்டுவிட்டன என்று அதை ஒதுக்கினோம். ஐந்தாவது முறை களைத்துப்போய், தொடங்குவதற்கு முன் கண்ணை மூடி நீண்ட பெருமூச்சு விட்டார். 4 நொடி. அதுதான் உணர்ச்சியோடு இருக்கிறது என்று நான் சொன்னேன். அந்தப் பெருமூச்சை வெட்டாமல் முன்னால் வைத்ததும் நான்.

மொத்தம் 2 நிமிடம் 48 நொடி. நடுவில் அவர் சொன்ன வரி: “அன்னைக்கு நீங்க பார்த்தது… அது நான் இல்ல. அந்த நேரத்து அழுத்தம்.” எழுதிக்கொடுத்த வரிகளில் அது இல்லை, அவராகச் சேர்த்தது. கேட்டபோது எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது.

இரவு 9 மணிக்கு வெளியிட்டோம்.

மீம் ஆன விதம்

முதல் சில மணி நேரம் வந்தவை கோபமான பதில்கள்தான். வரிகளைப் படித்துச் சொல்கிறார் என்பதைக் கண்கள் இடமிருந்து வலமாக ஓடுவதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் அந்தப் பகுதியை வேகமாக ஓட்டிக் காட்டினார். கோபத்தைச் சமாளிக்க நாங்கள் தயாராக இருந்தோம். அடுத்து வந்ததற்குத் தயாராக இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு யாரோ பெருமூச்சை மட்டும் தனியே எடுத்தார். குறுங்காணொளித் தளங்களில் வெளியாகும் ஒலியை அடுத்தவர் ஒரே தட்டலில் எடுத்து, தன் முகத்தோடு சேர்த்துத் தன் காணொளி ஆக்கிக்கொள்ளலாம். எடுத்தவர்களின் காணொளிகள் எல்லாம் அந்த ஒலியின் பக்கத்தில் வரிசையாகச் சேரும், புதிதாக வருபவர் அங்கிருந்தே தொடங்கலாம். எங்கள் காணொளியின் முதல் 4 நொடியில் பேச்சே இல்லை. அதாவது எந்த மொழிக்காரரும் பயன்படுத்தலாம். காலியான பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்தவர், வீட்டுப்பாடம் செய்யாத மாணவர், செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தவர் என்று எல்லாரும் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த நாள் அந்த வரி வந்தது. “கேக் முழுசையும் தின்னது நான் இல்ல. அந்த நேரத்து அழுத்தம்.” வரியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதில் எதையும் போடலாம். மூன்றாம் நாள் பாடகரின் பெயரே தெரியாதவர்கள் அதைப் போட்டார்கள். விலைக்குறைப்பை அறிவிக்க ஒரு கடையின் கணக்கு அதே வரியைப் பயன்படுத்தியது.

‘மீம்’ என்ற சொல்லை 1976ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கியபோது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பார்த்துச் செய்வதன் மூலம் தாவும் பண்பாட்டு அலகு என்பதே அவர் கருத்து. அந்தப் பொருளில் பார்த்தால் எங்கள் காணொளி மிக நன்றாகத் தாவியது. ஏனென்றால் அதில் இருந்தவை எல்லாம் எவரும் செய்து காட்டக்கூடியவை: தரை, சாம்பல் சட்டை, பெருமூச்சு, பொறுப்பைத் தள்ளும் ஒரு வரி. யாராலும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாத ஒன்று, 8 ஆண்டு கூட இருந்த ஒரு குறிப்பிட்ட மனிதரின் பெயரோ அவருக்கு நடந்த தீங்கோ, அதில் இல்லவே இல்லை. எல்லாரையும் பார்த்துச் சொன்ன மன்னிப்பு எல்லாருக்கும் பொருந்தும் சட்டையாகிவிட்டது.

அந்த வரியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1971ல் எழுதினார்: மன்னிப்புக் கேட்பவர் தன்னை இரண்டாகப் பிரிக்கிறார், ஒரு பாதி குற்றம் செய்தது, மறுபாதி அந்தக் குற்றத்தைத் தவறு என்று ஒப்புக்கொண்டு விதியின் பக்கம் நிற்கிறது. நான் புரிந்துகொண்ட வரையில், இரண்டு பாதியும் ஒரே ஆளுக்குள் இருந்தால்தான் அது மன்னிப்பு. “அது நான் இல்ல” என்றதும் குற்றம் செய்த பாதி வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர் எந்தத் தவறும் செய்யாதவர், அவர் எதற்குத் தரையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்? சிரிப்பு வந்த இடம் அதுதான். மக்கள் அதைக் கோட்பாடு படிக்காமலே பிடித்துவிட்டார்கள்.

இது முதல் முறை அல்ல

அந்த வாரம் பழைய உதாரணங்களை மறுபடி பார்த்தோம். 2017 டிசம்பர் 31 அன்று யூடியூபர் லோகன் பால், ஜப்பானின் அவோகிகஹாரா காட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் உடலைக் காட்டிய காணொளியை வெளியிட்டார். மறுநாள் வந்த எழுத்து மன்னிப்பில், பார்வைகளுக்காகச் செய்யவில்லை, பார்வைகள் தனக்கு வரத்தான் செய்கின்றன என்ற பொருளில் ஒரு பகுதி இருந்தது. கோபம் இரட்டிப்பானது, அதற்கு அடுத்த நாளே காணொளியில் இன்னொரு மன்னிப்பு. முதலாவதில் அவர் பேசியது தன்னைப் பற்றி.

2023 ஜூனில் யூடியூபர் காலீன் பாலிஞ்சர், இளம் ரசிகர்களிடம் தகாத முறையில் பழகினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு யுகுலேலே வாசித்துக்கொண்டே சுமார் 10 நிமிடம் பாடிப் பதில் சொன்னார். பாட்டு உடனே மீம் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தபோது, அந்தக் காணொளியை நினைத்து வெட்கப்படுவதாக அவரே சொன்னார். அதற்குள் உலகம் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது, குற்றம் சாட்டியவர்கள் சொன்னது பின்னால் போய்விட்டது. இந்த உதாரணம்தான் என்னை உட்காரவைத்தது. எங்கள் நிகழ்வும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

நான்காம் நாள் மேலாளர் தரப்பு எங்களைக் கேட்காமல் சில கேலிக் காணொளிகள் மீது பதிப்புரிமைப் புகார் கொடுத்தது. மிகச் சிலரே பார்த்திருந்த ஒரு காணொளியின் ஒலி முடக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் முடக்க அறிவிப்பைப் படமாகப் போட்டு, அதன் மேலேயே “அது நான் இல்ல” என்று எழுதினார். அதுவரை வந்த எதையும் விட அது அதிகம் பரவியது.

இதற்குப் பெயரே இருக்கிறது. 2003ல் அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பைப் பதிவு செய்த வான்வழிப் படங்களில் தன் வீடு தெரிந்ததற்காக 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படம் தரவிறக்கப்பட்டது 6 முறை, அதிலும் 2 அவருடைய வழக்கறிஞர்களே. வழக்குச் செய்தி வந்த மாதத்தில் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் 4,20,000க்கும் மேல். 2005ல் தொழில்நுட்பப் பதிவர் மைக் மாஸ்னிக் இதை ‘ஸ்ட்ரைசாண்ட் விளைவு’ என்றார். புகார்களைத் திரும்பப் பெறச் சொன்னோம், பெற்றார்கள்.

மூலக் காணொளியை நீக்கலாமா என்ற பேச்சும் வந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்க நடிகை ட்ரூ பேரிமோர், எழுத்தாளர் வேலைநிறுத்தத்தின்போது தன் நிகழ்ச்சியைத் தொடர்வது பற்றிக் கண்ணீருடன் ஒரு காணொளி போட்டு அன்றே நீக்கினார், பிரதிகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. இரண்டு நாளில் நிகழ்ச்சியையே நிறுத்திவைப்பதாக அறிவித்தார், பேச்சு அடங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நீக்கம் எதையும் தீர்க்கவில்லை, செயல் தீர்த்தது என்று இதை நான் படித்தேன். எங்கள் காணொளியை நீக்காமல் விட்டோம்.

மிக நீண்ட விவாதம் வேறொன்றுக்கு. பாடகரே தன் பெருமூச்சுக்கு நடித்து ஒரு காணொளி போட வேண்டும், சிரிப்பில் கலந்துகொண்டால் மக்கள் மனம் இளகும் என்று ஒரு யோசனை. பாடகருக்கு அது பிடித்திருந்தது. 5 நாளாக அடி வாங்கியவருக்கு யாராவது சேர்ந்து சிரித்தால் போதும் என்று இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேடைக்குத் தாமதமாக வந்ததற்கோ பாட்டு வரியை மறந்ததற்கோ கேட்ட மன்னிப்பாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இங்கே கேலிக்குள்ளானது ஒருவரின் உடற்குறை. கேலி செய்தவர் அதிலிருந்து பிறந்த இன்னொரு கேலியில் சேர்ந்து சிரித்தால், முதல் கேலிக்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். எங்கள் குழுவில் இளையவர் அப்போதுதான் கேட்டார்: “இதைப் போடலாமான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?”

யாரும் பதில் சொல்லவில்லை. ஆறாம் நாள் காலை நான் அவரைக் கூப்பிட்டேன்.

இன்ஜினியர் சொன்னது

அவர் நிதானமாகப் பேசினார். மன்னிப்புக் காணொளியை முழுதாகப் பார்க்கவில்லை, ‘சம்பந்தப்பட்ட நபர்’ வந்ததும் நிறுத்திவிட்டாராம்.

“அவன் ஊர் உலகத்துக்கிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டான். என் நம்பர் அவன்கிட்ட இருக்கு.”

எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு மீமும் ஓடிக்கொண்டிருந்தது. 19 நொடிக் காட்சியில் அவர் இடது கையை ஹெட்ஃபோன் மேல் வைத்துக் குனிந்த அந்த ஒரு சட்டகம். ‘மேலதிகாரி கூப்பிடும்போது நான்’ என்ற மாதிரி வரிகளோடு சுற்றியது. முகம் தெளிவாகத் தெரியும். நாங்கள் கண்காணித்தது பாடகரின் பெயரையும் பெருமூச்சையும்தான். இந்தப் படத்தில் இருந்தது இவர் முகம் என்பதால் எங்கள் தேடலில் சிக்கவே இல்லை. அவருடைய மகளின் வகுப்பில் பிள்ளைகள் காதில் கை வைத்துக் காட்டினார்களாம். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் கோபப்பட்டார். கேலியை விட இன்னொன்றுக்காக. அன்று வந்த இரைச்சல் அவர் தவறால் வந்ததே இல்லை. காதுக் கருவிக்குக் கம்பியில்லாமல் ஒலி போகும் அலைவரிசையில் வேறொரு கருவியின் அலை குறுக்கிட்டது. அதைக் கண்டுபிடித்து, மாற்று அலைவரிசைக்குத் தாவி, சில நொடியில் சரிசெய்தவர் அவர். 2 நிமிடம் 48 நொடியில் நாங்கள் அழுத்தம், களைப்பு, மனநிலை என்று என்னென்னவோ சொன்னோம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்று சொல்லவில்லை. காது கேட்காதவர் ஒலி பார்த்ததால்தான் கெட்டது என்று நம்புகிறவர்கள் அப்படியே நம்பட்டும் என்று விட்டிருந்தோம்.

சேர்ந்து சிரிக்கும் காணொளி பற்றிக் கேட்டேன். “வேணாம்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது மன்னிப்பு

ஏழாம் நாள் பாடகர் அவர் வீட்டுக்குத் தனியாகப் போனார். கேமரா இல்லை, நாங்களும் இல்லை. என்ன பேசினார்கள் என்று இருவருமே முழுதாகச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. திரும்பி வந்த பாடகர் மூன்று விஷயங்களைச் சொன்னார். சேர்ந்து நிற்கும் படம் வேண்டாம். பெயர் வேண்டாம். அவமதிப்பை நேரில் கேட்ட அதே குழுவின் முன்னால், அடுத்த சவுண்ட் செக்கில், மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் உலகத்தைக் கேட்கவில்லை. தன்னுடன் கேபிள் சுருட்டுகிறவர்கள், தினமும் முகம் பார்க்கிறவர்கள் முன்னால் தன் மரியாதை திரும்ப வேண்டும் என்றார்.

அது நடந்தது. நானும் அங்கே நின்றேன். பாடகர் மேடை நடுவில் வந்து, “அண்ணா, அன்னைக்கு உங்க காதைச் சொல்லிக் கேலி பண்ணினது நான்தான். தப்பு. என்னை மன்னிச்சிடுங்க” என்றார். மிக்ஸர் பக்கத்திலிருந்து, மேடையோடு பேசும் டாக்பேக் மைக்கில் பதில் வந்தது: “சரி. உன் குரல் லெவல் பாரு.” ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. வேலை தொடங்கியது.

அதன் பிறகு எழுத்தில் ஐந்து வரி வெளியிட்டோம். அன்றைய இரைச்சலுக்கு அலைவரிசைக் குறுக்கீடே காரணம், மிக்ஸரில் இருந்தவர் அதைச் சரிசெய்தார். அவருடைய கேட்புத் திறனைக் கேலி செய்தது நான். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தை வைத்துக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அவர் யார் என்று தேடாதீர்கள். வழக்கறிஞர் தயங்கினார், பாடகர் கையெழுத்திட்டார்.

பிறகு நடந்தது

ஐந்து வரி அறிக்கையை வைத்து மீம் செய்ய ஒருசிலர் முயன்றார்கள், ஒட்டவில்லை. ‘அலைவரிசைக் குறுக்கீடு’ என்பதை யாருடைய ஃப்ரிட்ஜில் பொருத்துவது?

பெருமூச்சு மட்டும் சுமார் மூன்று வாரம் ஓடி அடங்கியது. அடங்கியது என்றால் போய்விட்டது என்று பொருள் இல்லை. வேறொரு பிரபலம் மன்னிப்புக் காணொளி போடும்போதெல்லாம் பதிலாக எங்கள் சட்டகத்தைப் போடுகிறார்கள். இன்ஜினியரின் முகம் இருந்த படங்களை உடற்குறையைக் கேலி செய்வதாகத் தளங்களில் புகாரளித்தோம். பல நீக்கப்பட்டன, சில இன்னும் இருக்கின்றன. இந்தப் புகார்கள் ஸ்ட்ரைசாண்ட் விளைவில் சிக்காததற்கு, பிரபலத்தைக் காப்பாற்ற வந்தவை அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒப்புக்கொண்ட இரண்டு நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டு இன்ஜினியர் விலகினார். இப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 8 ஆண்டு மேடை உறவு திரும்பவில்லை, நல்ல மன்னிப்பு அதைத் திருப்பியிருக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

எதை மாற்றுவோம்

வரிசையை மாற்றுவோம். முதலில் அவரிடம் பேச்சு, பிறகு அவர் சம்மதிக்கும் அளவுக்கு ஊருக்கு அறிவிப்பு. ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், 755 பேரிடம் மன்னிப்பின் ஆறு கூறுகளைச் சோதித்தார்கள். அவற்றில் பொறுப்பை ஏற்பதே முதலிடம் பெற்றது, தீங்கைச் சரிசெய்ய முன்வருவது அடுத்து. ‘மன்னித்துவிடுங்கள்’ என்று வேண்டுவது கடைசி. எங்கள் முதல் காணொளியில் முதல் இரண்டும் இல்லை. வழக்கறிஞர் அஞ்சியது பொறுப்பேற்பதற்குத்தான், அதைத் தவிர்த்ததுதான் எங்களை மீமுக்குள் தள்ளியது.

நடிப்புக்கான எடுப்புகளைப் போல மன்னிப்பை ஏழு முறை எடுக்க மாட்டோம். அந்த முதல் திக்கல் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அதில் ‘அண்ணா’ இருக்கிறது. வெளியிட்டிருந்தால் கேலி வந்திருக்காதா என்று கேட்டால், வந்திருக்கலாம். ஆனால் அவர் ‘சம்பந்தப்பட்ட நபர்’ என்று கேட்டு நிறுத்தியிருக்க மாட்டார்.

கண்காணிப்பில், கேலிக்குள்ளானவரின் படத்தை முதல் நாளிலிருந்தே தேடுவோம்.

ஒன்றில் எங்கள் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியே பிரித்து, ‘இதை வேறு யாராவது எடுத்துத் தன் வாழ்க்கையில் ஒட்ட முடியுமா’ என்று பார்க்கும் சோதனை ஒன்றைச் சிலர் கொண்டுவந்தார்கள். “அது நான் இல்ல” அதில் உடனே சிக்கியிருக்கும். பயன் இருக்கிறது. ஆனால் மீம் ஆகக் கூடாது என்பதையே குறியாக வைத்து எழுதினால் மறுபடியும் பார்வையாளர்களுக்காகத்தான் எழுதுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

இந்தப் பதிவின் முதல் வடிவத்தை இன்ஜினியருக்கு அனுப்பினேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தம் சொன்னார். ‘அவர் மனம் புண்பட்டார்’ என்று எழுதியிருந்தேன்.

“புண்பட்டேன்னு போடாதீங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. அதைப் போடுங்க.”

மாற்றிவிட்டேன்.